கதவு பூட்டியிருந்தது

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
நான் கணக்கெடுக்கும் இருநூற்றுச் சொச்சம் இணைப்புகளில்
ஆளில்லாதது அது ஒன்றுதான்.
கல்மண்டபம் தாண்டி, ஐஸ் வண்டிகள்
ஒழுகவிட்டுப் போகும் சந்தில், மூன்று மாடி.
முகப்பின் இரும்பு எழுத்துகளில் உதிர்ந்தது போக
மிச்சம் ‘ன் அண்டு கோ’.
கப்பலுக்குக் கயிறு விற்றவர்கள் என்றார்கள்.
கயிறில்லை, தோல் என்றார் டீக்கடை எத்திராஜுலு.
மோந்து பார்த்தேன். கருவாடு.
அது காசிமேட்டுக் காற்று, சாட்சிக்கு உதவாது.

வாரிசுகள் வழக்கில் இருக்கிறார்கள்.
வழக்கு நடக்கும்வரை மீட்டரும் நடப்பதாக ஐதீகம்.
நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு.
நான் பார்த்த முதல் நாளிலிருந்து
அதே பதினேழு.

ஒரு கார்த்திகையில் மழைக்கு உள்ளே ஒதுங்கி
தலை துவட்ட நிமிர்ந்தபோது
கூரையில் தண்டவாளம்.
மூன்றடிக்கு ஒன்றாக, சுவருக்குச் சுவர்,
இடையிடையே செங்கல்லைச் சின்னச் சின்ன வில்லாக வளைத்து.
பேசின் பிரிட்ஜுக்குப் போக வேண்டியவை
வழிதவறி இங்கே ஏறிப் படுத்துக்கொண்டன போல.
ஒன்றின் இடுப்பில் 1884.
வெளியே கண்டெய்னர் லாரி திரும்பியபோது
மொத்தமும் லேசாக முனகி, அடங்கியது.

அதற்கப்புறம் தடவைக்கு ஓர் அறை.
வருஷத்துக்கு ஆறு.

சுருள் படிக்கட்டில் படிக்கொரு பூவை
இரும்பில் குடைந்திருந்தார்கள்.
ஒவ்வொன்றும் வேறு பூ என்று நினைத்தேன்.
ஒரே அச்சுதான்;
ஏற ஏற வெளிச்சம் வேறாகிறது.
முழங்காலில் ஒரு பூ, பையில் ஒரு பூ,
ரீடிங் எடுக்கும் கருவிமேல் அரைப் பூ.

கிழக்கு ஜன்னலில் பலகைச் சிறகுகள்,
எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கோல்.
அசையவில்லை.
அடுத்த முறை தையல் மெஷின் எண்ணெய் கொண்டுபோனேன்.
அதற்கடுத்த முறை அசைந்தது:
துறைமுகத்துக் கிரேன்
பதினோரு துண்டாக உள்ளே வந்தது.

அந்தக் கட்டிடம் எங்கே மூச்சு விடுகிறதென்று
கண்டுபிடிக்க ஒன்றரை வருஷம்.
கீழே சிறகுகள் வழியாகக் கடல் நுழைந்து,
சூடாகி, ஏறி,
மேற்குச் சுவரில் கூரைக்குக் கீழே
சாப்பாட்டுத் தட்டளவு வட்டங்கள் வழியே போய்விடுகிறது.
மே மாதம், மதியம் இரண்டு மணி, எனக்கு வேர்க்கவில்லை.
தண்டையார்பேட்டையில் என் வீட்டுக்கு
மூன்று ஃபேன். சொல்லி என்ன.

மேல்மாடித் தரையில் அறுநூற்றுப் பன்னிரண்டு ஓடு,
எண்ணினேன், நீலமும் செங்காவியும்.
வடமேற்கு மூலையில் ஒன்று மட்டும் திரும்பிக் கிடக்கிறது.
கொத்தனாருக்கு அன்று வீட்டில் என்ன தகராறோ.
மேஸ்திரி பார்த்தாரா, பார்த்தும் விட்டாரா?
நூறு வருஷத்துக்கு மேலாகக்
கோணலாகவே நிற்கிறது, கூசாமல்.
எனக்கு அந்த ஓட்டைத்தான் அதிகம் பிடிக்கிறது.

அழகு என்று குறிக்க
எங்கள் கருவியில் கட்டம் கிடையாது.

போன ஐப்பசியில் மீட்டர் காட்டியது:
நாலாயிரத்து நானூற்றுப் பதினெட்டு.

ஒரு யூனிட்.
நாற்பது வாட் பல்பு என்றால்
இருபத்தைந்து மணி நேரம். என் தொழில், தெரியும்.
வயர் திருடனுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படாது.
சீட்டாடுகிறவர்கள் பீடித்துண்டாவது விட்டுவைப்பார்கள்.
மாடி மாடியாகத் தேடினேன்.
இரண்டாவதில், பழைய வயரில், புது பல்பு.
கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
முன்கால்கள் தூக்கி, தூணில் சாய்த்து.
ஜன்னல் கோலில் எண்ணெய் ஈரம்.
என்னுடையது எப்போதோ காய்ந்துவிட்டது.

நாற்காலியில் உட்கார்ந்தேன்.
சாய்ந்த சாய்வுக்குக் கண் தானாக மேலே போனது:
வில், தண்டவாளம், வில், தண்டவாளம்,
இத்தனை நாள் நான் பார்க்காத ஓரிடத்தில்
சுண்ணாம்பில் கரண்டி இழுத்த பிறைகள்,
வலமிருந்து இடமாக.
இடக்கைக்காரர்.

இந்த அளவு? கேட்டது கருவி.
நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு என்று அழுத்தினேன்.
குறிப்பு?
கதவு பூட்டியிருந்தது.

இறங்கும்போது பல்பை அணைத்தேன்.
நாற்காலியை அப்படியே விட்டேன்.